கொழுப்புக்குள்ள நரம்புக்கு என்ன வேலை?

காட்பாடி தம்பி: எங்கக்கா தினமும் வேலூர் கோட்டைய சுத்தி நடக்குறாங்க, சோறும் கொறைச்சாச்சு, ஆனா எடை எறங்கவே மாட்டேங்குது, கொழுப்புல இருக்குற நரம்புதான் காரணம்னு ஒருத்தர் சொன்னாரு, நெஜமா அண்ணே?

ராணிப்பேட்டை அண்ணன்: சம்பந்தம் உண்டு தம்பி. சிம்பதெடிக் நரம்பு, அதாவது நாம நெனைக்காமலே உடம்ப உசுப்பி விடுற நரம்பு, கொழுப்புக்குள்ள நார்எபிநெஃப்ரின்னு ஒரு ரசாயனத்த விடும், கரையச் சொல்ற உத்தரவே அதான். 2017ல எலிகள்ல பாத்தாங்க, நரம்ப ஒட்டியே ஒரு வகை மேக்ரோஃபேஜ், அதாவது நோய் எதிர்ப்பு செல், உக்காந்து அந்த ரசாயனத்த உறிஞ்சி சிதைச்சிடுது, குண்டான எலியில இந்த செல்லு ஜாஸ்தி. அந்த செல்லுல உறிஞ்சுற வேலையச் செய்யுற புரதத்த இல்லாம பண்ணதும் குண்டான எலியோட எடை கொறஞ்சுது! எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது, எடை ஏறுறவங்கள சோம்பேறினு திட்டுறது எவ்ளோ தப்பு பாருங்க.

குடியாத்தம் அக்கா: மனுஷங்க கிட்டயும் அந்த மாதிரி செல் இருக்கு, ஆனா எலியில நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. மொதல்ல அக்காவுக்கு தைராய்டு, சுகர் பாருப்பா, நடைய மட்டும் நிறுத்தச் சொல்லாத.

காட்பாடி தம்பி: தைராய்டு பாக்கவே இல்லக்கா, இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.