மறு: மறு: ‘கிளஸ்டர் டெவலப்மென்ட்’ – கடல் எண்ணெய் வயல்களுக்கு எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

பெட்ரோலியப் பொறியியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ‘ஆஃப்ஷோர் ஆயில்ஃபீல்ட் கிளஸ்டர் டெவலப்மென்ட்’ என்ற இயலில் நிற்கிறேன். அருகருகே சின்னச் சின்ன எண்ணெய் வயல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மேடை, கரைவரை தனிக் குழாய் என்று போட்டால் கட்டுப்படியாகாது. அதனால் எல்லாவற்றையும் கடலடிக் குழாய்களால் ஒரே மேடைக்கோ மிதவைக் கப்பலுக்கோ கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ‘கடலோர எண்ணெய் வயல் குழும வளர்ச்சி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சொல்லும் மனத்துக்கு ஒட்டவில்லை. உதவுங்கள்.
– சு.

---

சு. அம்மா,

முதலில் ‘கடலோர’வை எடுத்துவிடுங்கள். 1974இல் கண்டறியப்பட்ட ‘மும்பை ஹை’ எண்ணெய் வயல், கரையிலிருந்து ஏறத்தாழ 160 கி.மீ. தள்ளி இருக்கிறது. அதைக் கடலோரம் என்றால் மாணவர் கடற்கரையைத்தான் நினைப்பார். ‘ஆழ்கடல்’ என்பதும் சரிவராது. அங்கே நீரின் ஆழம் நூறு மீட்டர்கூட இல்லை. ‘கடலக’ போதும்.

‘குழுமம்’ நிறுவனங்களுக்குப் போய்விட்டது. ‘எண்ணெய் வயல் குழுமம்’ என்றால் ஏதோ கம்பெனி என்று படிப்பார்கள். ‘தொகுதி’ தேர்தலுக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ‘திரள்’.
– வே.

---

அன்பர்களே,

கிளஸ்டரைப் பிறகு பார்ப்போம். கடலுக்குள் வயல் எப்படி வந்தது? வயல் மருதம், கடல் நெய்தல். திணை மயங்கலாம், ஆனால் நிலம் மயங்காது என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் தெளிவாகவே சொல்லிவிட்டார். ‘ஃபீல்ட்’ என்ற ஒரே காரணத்துக்காக வயலைக் கொண்டுபோய்க் கடலில் வைப்பது மொழிபெயர்ப்பாகாது. ‘புலம்’ என்று சொல்லலாம்.

‘எண்ணெய்’யும் எனக்கு உடன்பாடில்லை. எள் + நெய் = எண்ணெய். பாறையிலிருந்து வருவதற்கு எள்ளோடு என்ன உறவு? கல் + நார் கன்னார் ஆனதுபோல், கல் + நெய் கன்னெய் ஆகும். லத்தீனில் ‘பெட்ரோலியம்’ என்பதற்கும் கல்நெய் என்றுதான் பொருள். ஆகவே ‘கடலகக் கன்னெய்ப் புலத்திரள் ஆக்கம்’.
– புலவர் மா.

---

புலவர் ஐயா,

தேங்காய் எண்ணெயிலும் எள் இல்லை. எள்ளை விட்டு அந்தச் சொல் வெகுகாலமாயிற்று. ‘கன்னெய்’ என்று தேர்வுத்தாளில் போட்டால், கேள்வி எதைப் பற்றியது என்றே பிள்ளைகளுக்குப் புரியாது. வயல் விஷயத்திலும் அப்படித்தான். நாளிதழ் படிக்கும் யாருக்கும் ‘எண்ணெய் வயல்’ தெரியும். ‘புலம்’ என்றால் இயற்பியல் மாணவர் காந்தப்புலம், மின்புலம் என்று போய்விடுவார்.

இலங்கையில் நாங்கள் கிளஸ்டருக்குக் ‘கொத்தணி’ என்கிறோம். கொரோனா காலத்தில் செய்திகளில் தினமும் வந்த சொல். ‘கொத்தணிக் குண்டு’ என்பதும் உண்டு. புதிதாக ஏன் தேட வேண்டும்?
– தி.

---

தி. அக்கா, நோயும் குண்டும் நினைவுக்கு வரும் என்பதே எனக்குத் தடை. வெறும் ‘கொத்து’ என்றால்?
– வே.

---

வணக்கம். நான் இந்தத் துறையில் வேலை பார்ப்பவன். இலக்கணத்துக்குள் வரவில்லை.

‘திரள்’ பொருந்தாது. வயல்கள் ஒன்றாகத் திரள்வதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிப் பாறை அடுக்கில், தனி அழுத்தத்தில் இருக்கிறது. ஒன்றின் எண்ணெய் மற்றதுபோல் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கடலடியில் அவற்றுக்கிடையே பல கி.மீ. தூரம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது மேலே மிதக்கும் ஒரே செயலாக்கக் கலம், அதாவது மிதவைக் கப்பல்தான். கிணறுகளின் தலைப்பு கடல்தரையில். அங்கிருந்து குழாய்கள் ஒரு கூட்டுமுனைக்கு வரும். பிறகு நிமிர்குழாய் வழியாக மேலேறி, கலத்தில் எண்ணெய், வாயு, நீர் மூன்றும் பிரியும். பல பூக்கள், ஒரே காம்பு. அதனால் ‘கொத்து’ எனக்குப் பிடித்திருக்கிறது.

அங்கோலாக் கடலில் 2014இல் உற்பத்தி தொடங்கிய ‘கிளவ்’ திட்டத்தையே பாருங்கள். கிராவோ, லிரியோ, ஓர்க்கீடியா, வியலேட்டா என்ற நான்கு வயல்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. நான்குமே போர்ச்சுகீசில் பூப்பெயர்கள்! நான்கும் ஒரே மிதவைக் கலத்தில் சேர்கின்றன. நம் பக்கத்தில், காக்கிநாடாவுக்கு அப்பால் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் கே.ஜி. (கிருஷ்ணா-கோதாவரி) ஆழ்கடல் பகுதியில் கண்டுபிடிப்புகளைக் கிளஸ்டர் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டாவதிலிருந்து 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் வந்தது. ‘இரண்டாம் கொத்து’ என்று எழுதினால் நன்றாகவே இருக்கிறது.

‘வளர்ச்சி’ மட்டும் வேண்டாம். வயல் வளர்வதில்லை. இருப்பது உறுதியானபின் உற்பத்திக்கிணறு தோண்டி, குழாய் பதித்து, கலத்தை நங்கூரமிட்டு, எண்ணெய் எடுக்க ஆயத்தமாக்குவதைத்தான் டெவலப்மென்ட் என்கிறோம்.
– ந.

---

ந. தம்பி சொன்னதை வைத்துப் பார்த்தால் ‘வயலாக்கம்’ என்று துணிந்து சொல்லலாமே? கரம்பைத் திருத்தி வயலாக்குவதுபோல.

‘கொத்து’ என்பதற்குத் தானியக் கூலி என்ற பொருளும் உண்டு. கொத்துதல், கொத்தன் என்று இன்னொரு பக்கம் விரிகிறது. இத்தனை சுமையுள்ள சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா என்று யோசிக்கவேண்டும். ஏற்றாலும், வயல் + கொத்து ‘வயற்கொத்து’ என்றுதான் புணரும்.
– மா.

---

‘வயற்கொத்து’ என்றால் கண் தடுக்கும், ஐயா. வகுப்பில் உரக்கப் படிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். ‘வயல் கொத்து’ என்று பிரித்தே இருக்கட்டும். ‘வயலாக்கம்’ அழகுதான், ஆனால் ‘டெவலப்மென்ட் வெல்’ என்பதை ‘வயலாக்கக் கிணறு’ என்று யார் சொல்லப்போகிறார்கள்? ‘மேம்பாட்டுக் கிணறு’ என்று இந்த நூலிலேயே முந்தைய இயலில் வந்திருக்கும் அல்லவா?
– தி.

---

ஆமாம், தி. அக்கா, அப்படித்தான் வந்திருக்கிறது. அதை இனி மாற்ற முடியாது.

‘கடலக எண்ணெய் வயல் கொத்து மேம்பாடு’ என்றே கொடுக்கப்போகிறேன். வே., ந., தி. மூவரும் ஏறக்குறைய இதற்குத்தான் வந்திருக்கிறார்கள். ந. எழுதிய கிணறு, கூட்டுமுனை, நிமிர்குழாய், கலம் விளக்கத்தை இயலின் முதல் பத்தியாகவே வைத்துக்கொள்கிறேன்; சொல் எப்படியிருந்தாலும் அதைப் படித்தால் பொருள் தெரிந்துவிடும். அனைவருக்கும் நன்றி.
– சு.

---

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் விளக்கம் எழுதித்தான் புரியவைக்கப்போகிறீர்கள் என்றால் கன்னெய்யையும் அப்படியே புரியவைத்திருக்கலாமே! ‘வயல் கொத்து’க்கு நடுவில் றகரம் இல்லாததை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்கிறேன். நிமிர்குழாயைப் பற்றி நாளை தனி இழை தொடங்குகிறேன். ‘எழுகுழல்’ என்பதே பொருத்தம்.
– மா.