கஷ்டமான மூவுக்கு எவ்வளவு பலம் கொடுக்கலாம்? எலக்ட்ரிக், பாரி, ஒரு பிரேம் லிங்க்: அனுபவப் பகிர்வு

குடந்தை லீவர்:

டெல்டா பக்கம் எந்த ஊரில் நாலு பேர் கூடி டெக்கன் என்ற சண்டை கேம் போட்டாலும் பேச்சு கடைசியில் கஸுயா என்ற கேரக்டரின் எலக்ட்ரிக் குத்தில்தான் வந்து நிற்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதைப் போடும் வரிசை: முன், நடுநிலை, கீழ், கீழ்-முன். அந்தக் கீழ்-முன் விழும் அதே பிரேமில் வலக்கைக் குத்து. பிளேஸ்டேஷன் பேடில் (கையில் பிடிக்கும் கண்ட்ரோலரில்) முக்கோணம். கேம் வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படங்களாக ஓடும், அதனால் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். சரியாக விழுந்தால் மின்னல் தெறிக்கும், எதிராளி பிளாக் செய்தாலும் (தடுத்தாலும்) நமக்கு 5 பிரேம் லாபம், அவருக்கு 5 பிரேம் முன்பே நாம் அசையலாம். குத்து ஒரு பிரேம் பிந்தினால் மின்னல் இல்லாத சாதா அடி. பிளாக் ஆனால் 10 பிரேம் நஷ்டம், எல்லாக் கேரக்டரிடமும் இருக்கிற, 10 பிரேமில் வரும் ஜாப் என்ற சின்னக் குத்து நம் மேல் நிச்சயம் விழும். ஒரு பிரேம் தவறினால் மொத்தம் 15 பிரேம் கைமாறுகிறது.

விரல் வேலை எவ்வளவு கஷ்டமானாலும் பழகப் பழகப் போய்விடும். பழகினாலும் போகாதவை இரண்டு. தவறும்போது வரும் அந்த 10 பிரேம் ஒன்று. எலக்ட்ரிக் ஒரு ஹை (தலை உயர) அடி என்பது இன்னொன்று: எதிராளி குனிந்தால் தலைக்கு மேல் போகும், அவர் எழுந்துகொண்டே லாஞ்சர், அதாவது ஆளை மேலே தூக்கிவிடும் அடி, வைக்கலாம். இந்த இரண்டும் இருப்பதால்தான் அந்த மூவ் அவ்வளவு பலமாக இருப்பது நியாயம் என்கிறேன்.

எதிரில் ஆடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, பிளாக் ஆனதும் பதட்டத்தில் ஜாப் தட்டுவது. 5 பிரேம் பின்தங்கியிருக்கும்போது உங்கள் 10 பிரேம் ஜாப் 15 ஆகிவிடும். நல்ல கையில் அடுத்த எலக்ட்ரிக் அதை முந்திவிடும். அந்த இடத்தில் பட்டனைத் தொடாமல் குனியுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் நகருங்கள்.

பழகுகிறவர்களுக்கு: பிராக்டிஸ் மோடில் கமாண்ட் ஹிஸ்டரியை (அழுத்தியதை வரிவரியாகக் காட்டும் பட்டியலை) திறந்து வையுங்கள். கீழ்-முன் தனி வரியாக வந்து, அடுத்த வரியில் கீழ்-முன்னும் குத்தும் சேர்ந்து வந்தால் குத்து பிந்திவிட்டது. கீழ் அம்புக்குறியோடு குத்து ஒட்டியிருந்தால் முந்திவிட்டது. இரண்டும் ஒரே வரியில் வரவேண்டும். தவில் சொல்கட்டு மாதிரி 'தக திமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே போட்டால் கை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். கடைசி 'மி'யில் இரண்டு கையும் சேர்ந்து இறங்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு துரிதமாக.

மன்னை கீபோர்டு:

அண்ணே, கணக்கு சரி. ஆனா அந்த 16.7 மில்லிசெகண்ட் எல்லார் கையிலயும் ஒரே கஷ்டம் இல்ல. பேடுல கட்டைவிரல் கீழேருந்து கீழ்-முன்னுக்கு உருண்டு வரணும், அது எந்த பிரேம்ல போய்ச் சேருதுன்னு விரலுக்கே தெரியாது. கீபோர்டுலயும், லீவர் இல்லாம பட்டன் மட்டும் இருக்கிற பாக்ஸ்லயும் அப்படி இல்ல. முன் தட்டி விடு, கீழ் அழுத்திப் பிடி, பிடிச்சபடியே முன்னையும் குத்தையும் ஒண்ணா அழுத்து. கீழும் முன்னும் சேர்ந்து கீழ்-முன் ஆயிடும். ரெண்டு விரல் ஒரே நேரத்துல இறங்கணும், அவ்வளவுதான். லீவர்ல மாசக்கணக்குல பழகுறத இதுல சில நாள்ல ஓரளவு கொண்டுவந்துடலாம்.

அதனாலதான் 'கஷ்டம்கிறதால பலமா வச்சோம்'னு ஒரு கம்பெனி சொன்னா ஏத்துக்க முடியல. யார் கையில எந்த சாதனம்னு கம்பெனிக்குத் தெரியாது. கஷ்டத்தை எடையா வச்சா, சாதனம் மாறினதும் தராசு சாஞ்சிடும்.

கேம் சென்டர்ல இருக்கிற விலை குறைஞ்ச கீபோர்டுல இன்னொரு தொல்லை உண்டு. சில மூணு கீ சேர்க்கையை அது அனுப்பவே அனுப்பாது. கீழ், முன், குத்து மூணும் அழுத்தினா குத்து வராது. ஆடுறவர் தன் டைமிங் தப்புன்னு நினைச்சுக்கிட்டே இருப்பார். நோட்பேட் திறந்து எஸ், டி ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு குத்து கீயைத் தட்டிப் பாருங்க. எழுத்து விழலன்னா குத்தை வேற கீக்கு மாத்துங்க.

மாயவரம் பேட்:

கேப்காம் கம்பெனியின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் ஒரு பிரேம் லிங்க்கையும், அதாவது ஒரு அடி முடிந்ததும் அடுத்த அடியை ஒரே பிரேமுக்குள் தொடுப்பதையும், இங்கே சேர்க்க வேண்டும். முன்கூட்டி அழுத்தினால் ஒன்றும் வராது. பிந்தினால் எதிராளி பிளாக் செய்துவிடுவார். ஆட்டக்காரர்கள் அதற்குக் கண்டுபிடித்த வழி பிளிங்க்: பலமான பட்டனை அழுத்தி, ஒரு பிரேம் கழித்து அதைவிட மெலிதான பட்டனை அழுத்துவது. கேம் பலமான பட்டனை இரண்டு பிரேமிலும் பதிவு செய்யும், ஒரு பிரேம் வாய்ப்பு இரண்டாகும். லைட் (மிக மெலிதான) பட்டனுக்குக் கீழே பட்டன் கிடையாது, அதனால் அங்கே இது சாதாரணமாக எடுபடாது. கஷ்டத்தை நம்பிக் கட்டிய பேலன்ஸ் இப்படித்தான் ஓட்டை விழும். அடுத்தடுத்த பாகங்களில் கேப்காமே லிங்க்குக்கு பஃபர் வைத்து, சில பிரேம் முந்தி அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும்படி செய்துவிட்டது.

எனக்கு இன்னும் உறுத்தலானது 2001-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ கேமின் எல்-கேன்சல். காற்றில் அடித்தபடி இறங்கும்போது, தரை தொடுவதற்கு முந்தைய 7 பிரேமுக்குள் ஷீல்டு (தடுப்பு) பட்டனைத் தட்டினால் இறங்கும் தாமதம் பாதியாகும். தட்டாமல் இருப்பதால் எந்த நன்மையும் கிடையாது, எப்போதும் தட்டியே ஆக வேண்டும். எதிராளி ஷீல்டில் பட்டால் டைமிங் கொஞ்சம் மாறும் என்பது மட்டும் சுவாரஸ்யம். யோசித்து முடிவெடுக்க இடமில்லாத ஒரு மூவைக் கஷ்டமாக வைத்து என்ன பயன்? அதே வரிசையில் 2008-இல் வந்த பிராலில் அதை எடுத்தேவிட்டார்கள். அந்த ஒரு முடிவு சரி என்பேன்.

தஞ்சை சாம்:

மாயவரத்தாரோடு பாதி ஒத்துப்போகிறேன். கஷ்டத்தை எடுக்கும்போது அந்த இடத்தில் வேறு விலை வைக்க வேண்டும், அது எல்லா இடத்துக்கும் பொருந்தவும் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் மாடர்ன் கண்ட்ரோலில் (எளிதாக்கிய அமைப்பில்) ஒரே பட்டனில் ஸ்பெஷல் அடி வரும், அதற்கு டேமேஜ் 20 சதவீதம் குறையும். காம்போவில் (தொடர் அடியில்) அந்த 20 வலிக்கும். ஆனால் தாவி வருபவரை ஒரே பட்டனில் இறக்கும்போது கொடுப்பது டேமேஜ் மட்டும், கிடைப்பது நேரம். கண் பார்த்து கை அசைய ஏறக்குறைய 12 முதல் 15 பிரேம் ஆகும். கிளாசிக்கில் (வழக்கமான அமைப்பில்) அதற்குமேல் முன், கீழ், கீழ்-முன் போட இன்னும் சில பிரேம். மாடர்னில் அது பூஜ்யம். எதிராளி தூரத்திலிருந்து எதையாவது வீசும்போது பார்த்தே சூப்பர் என்ற பெரிய அடி வைப்பதும் அப்படித்தான். டேமேஜைக் குறைப்பது இந்த இடத்துக்குச் சரியான விலை இல்லை.

நன்றாக அமைந்ததற்கு உதாரணம் கேட்டால் அதே கேமின் பர்ஃபெக்ட் பாரி, அதாவது அடி விழும் கணத்தில் சரியாகத் தட்டிவிடுவது. வாய்ப்பு 2 பிரேம்தான். பிடித்துவிட்டால் எதிராளி திறந்து கிடப்பார், ஆனால் அதற்குப் பின் வரும் காம்போவின் டேமேஜ் பாதிதான். பாரியைப் பிடித்துக்கொண்டே நின்றால் டிரைவ் கேஜ் (சக்தி அளவு) கரையும். த்ரோ (பிடித்து எறிதல்) வாங்கினால் பனிஷ் கவுண்ட்டராக, கூடுதல் பலத்தோடு விழும். கஷ்டம், பலன், ஆபத்து மூன்றும் ஒரே மூவில் கட்டப்பட்டிருக்கின்றன. 2004 ஈவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தர்ட் ஸ்ட்ரைக் கேமில், ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ போட்ட சூப்பரின் 15 அடியையும் டைகோ உமெஹாரா பாரி செய்தது இன்றைக்கும் சிலிர்க்க வைப்பது இதனால்தான். டைகோவின் கேரக்டரான கென்னுக்கு அப்போது உயிர் நூலிழையில். பிளாக் செய்தாலே சாவு, ஒரு பாரி தவறினாலும் சாவு.

குடந்தை லீவர்:

சாம் சொன்ன பிரேம் கணக்கோடு டிவியையும் சேருங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி வர 26 பிரேம், சுமார் 433 மில்லிசெகண்ட். பார்த்துப் பதில் சொல்ல அது போதும். ஆனால் கேம் மோட் (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாத டிவி 50 முதல் 100 மில்லிசெகண்ட் வரை தின்றுவிடலாம், அதாவது 3 முதல் 6 பிரேம். அந்த டிவியில் டிரைவ் இம்பாக்ட் திடீரென்று 'அநியாய மூவ்' ஆகிவிடும். கேமின் பேலன்ஸைத் திட்டுவதற்கு முன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

பொங்கல் லீவில் மேட்ச் வைக்கிறவர்கள் கவனிக்க: பல டிவிகளில் கேம் மோட் ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனி. வயரை அடுத்த போர்ட்டில் மாற்றிச் செருகினால் பழைய நிலைக்குப் போய்விடும். கரண்ட் போய் வந்தாலும் ஒருமுறை சரிபாருங்கள், சில டிவிகள் மறந்துவிடும். பேட் எல்லாம் வயரோடு இருக்கட்டும். வயர்லெஸ் என்றால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் பேட் கன்சோலோடு இணைந்து நடு ரவுண்டில் கேம் நின்றுவிடலாம். கீபோர்டு, பாக்ஸ் கொண்டுவருபவர்களிடம் இடமும் வலமும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். கேரக்டர் அசையாமல் நிற்க வேண்டும். நடந்தால் அமைப்பை மாற்றிய பிறகே உட்கார வையுங்கள்.