மக்காச்சோளத்தைக் குட்டையாக்கும் மருந்து அடித்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஆரல்வாய்மொழி ஆள்:
போன ஆடியில் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முப்பந்தல் காற்றாலைக்குப் பக்கத்து வயல் என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சோளம் ஆளுயரம் தாண்டி, மணியில் பால் கெட்டியாகிற நேரம். விடியக்காலம் போய்ப் பார்த்தால் எங்கள் வயல் மொத்தமும் படுத்துக் கிடக்கிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் மாமா வயலில் ஒரு செடிகூடச் சாயவில்லை. அவர் எத்திபான் என்ற குட்டையாக்கும் மருந்தை அடித்திருந்தார். செடி எல்லாம் என் தோள் மட்டம். பெருமையாக ஒரு கதிரை ஒடித்து உரித்துக் காட்டினார். நுனியில் மூன்று விரல் அகலத்துக்கு மணியே இல்லை, வெறும் நெட்டி. "நின்னுச்சு பாத்தியா மருமவனே" என்கிறார். என் கதிர் நுனி வரை நிறைந்திருந்தது, ஆனால் தரையில் கிடந்ததை எலியும் பூசணமும் பங்கு போட்டன. அவர் பிழைத்தாரா நான் பிழைத்தேனா என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

குலசேகரம் ரப்பர்:
எத்திபானா? அது நாங்கள் ரப்பர் மரத்துப் பட்டையில் தடவுவதாச்சே, பால் கூடுதலாக ஒழுக! அன்னாசி ஒரே சமயத்தில் பூக்கவும் அதைத்தான் குருத்தில் ஊற்றுகிறார்கள். என் மச்சான், வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்காகச் சோளம் போட்டவர், அன்னாசிக்கு வாங்கி மீந்த குப்பியை எடுத்துக் கைக்கணக்கில் கலந்து அடித்துவிட்டார். நான் போனபோது ஆண் பூ குருத்துக்குள்ளே மாட்டி, பாதி உள்ளே பாதி வெளியே. மனுசன் இலையைப் பிரித்து விரலால் அதை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். தீவனத்துக்குப் போட்ட பயிரைக் குட்டையாக்க யாராவது மருந்து அடிப்பார்களா? சாய்ந்தால் மாடு தின்னாதா?

பூதப்பாண்டி வயல்:
மச்சான் செய்ததற்கு மருந்து என்ன செய்யும்? குட்டை நல்லதுதான். தாத்தா காலத்தில் கும்பப்பூப் பருவத்துக்கு நட்ட நெல் நெஞ்சுயரம் வளரும், கொஞ்சம் யூரியா கூடினால் படுத்துக்கொள்ளும். 1966இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்த பிறகுதான் உரம் போட்டதற்குப் பலன் தெரிந்தது. நெல்லுக்கு ஆனது சோளத்துக்கு ஆகாதா?

தோவாளை மண்:
பூதப்பாண்டி அண்ணாச்சி, அப்படியே ஆகாது. குட்டை நெல்லில் வைக்கோலுக்குப் போன சத்து மணிக்குத் திரும்பியது. மக்காச்சோளத்தில் மகசூல் ஏறியது பெரும்பாலும் வேறு வழியில்: நெருக்கி நட்டாலும் தாங்குகிற ஒட்டு ரகங்கள் வந்தன. செடிக்கு ஒரு கதிர்தான். ஏக்கரில் எத்தனை செடி நிற்கிறது என்பதுதான் பேச்சு. சீனாவில் எத்திபான் அடிப்பதும் நெருக்கி நடுகிற வயலில்தான். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற 60க்கு 25 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 27 ஆயிரம் செடி. அதே இடைவெளியில் நட்டுவிட்டு மருந்தை மட்டும் அடித்தால் செடி சுருங்கியதுதான் மிச்சம்.

என் கதை சின்னது. ஒரே காற்றில் எங்கள் வயலில் உயரமான ரகம் நின்றது, அதைவிடக் குட்டையான ரகம் விழுந்தது. நின்றதில் கதிர் இடுப்பு மட்டம், விழுந்ததில் நெஞ்சு மட்டம். அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழித் தம்பி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாமா அடித்தது எத்தனையாவது இலையில்? ஆறிலிருந்து எட்டு இலைக்குள் என்றால் கதிருக்குக் கீழே கணுவுக்குக் கணு இடைவெளி குறுகும், கதிர் இறங்கும். பிந்தினால் மேல் கணுவும் ஆண் பூவும் அடி வாங்கும். கதிரில் எத்தனை மணி என்று முடிவாகிற சமயமும் அதுதான். வயல் காய்ந்து கிடக்கும்போது அடித்தால் இன்னும் மோசம். தண்ணீரையும் பார்க்க வேண்டும்: எத்திபான் புளிப்புத் தண்ணீரில்தான் நிலைக்கும், காரத் தண்ணீரில் கலந்து வைத்தால் டேங்கிலேயே வாயுவாகப் போய்விடும். குப்பிச் சீட்டில் பயிர் பெயர் இருக்கிறதா என்றும் படியுங்கள். இதற்கெல்லாம் முன்னால் தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், சாம்பல் சத்தை விட்டுவிடாதீர்கள், மேலுரத்தோடு மண் அணையுங்கள். தண்டின் அடிக் கணுவில் முளைக்கிற தாங்கு வேர் மண்ணுக்குள் இறங்கினால் பாதிக் காற்றுக்கு அதுவே போதும். ஆண் பூ வருமுன் சாய்ந்தால் கையால் தூக்கி நிறுத்தாதீர்கள், இருக்கிற வேரும் அறும். அதுவே வளைந்து எழும்பும். பூத்த பிறகு விழுந்தால் எழும்பாது. ஆடிக் காற்றில் பூக்கிற மாதிரி விதைத்துவிட்டு எந்த மருந்தை நம்பி என்ன?

மட்டிவாழை:
கதை ஒரு பிடி, உபதேசம் ஒரு மூட்டை! வாழைக்காரனைக் கேட்டால் ஒக்கிப் புயல் வந்த 2017இல் முட்டுக் கொடுத்த கம்போடு சேர்ந்தே வாழை விழுந்ததைச் சொல்வேன். சரி, என் சந்தேகம். 'காத்துக்கு நல்லது' என்று ஒரு கடையில் மக்காச்சோள மேக்சிம் கொடுத்தார்கள். அடித்தேன், செடி ஒரு விரல்கூடக் குறையவில்லை. வாய்க்காலில் நின்று வாங்குக்கோலால் அளந்தே பார்த்தேன். ஏமாற்றா?

தோவாளை மண்:
மேக்சிம் மேல் தப்பில்லை, கடைக்காரர் சொன்னதுதான் தப்பு. கோவைப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பொடி மணி பிடிக்கவும் வறட்சி தாங்கவும். சத்தும் வளர்ச்சி ஊக்கியும் சேர்ந்தது. ஏக்கருக்கு 3 கிலோ; பாதி ஆண் பூ எட்டிப் பார்க்கும்போது, பாதி மணி பிடிக்கும்போது, 200 லிட்டர் தண்ணீரில். உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பூதப்பாண்டி வயல்:
அதெல்லாம் இருக்கட்டும். 60க்கு 25ஐ 60க்கு 20 ஆக்கி, ஏழாவது இலையில் எத்திபான் அடித்து, மணியை எடை போட்டவர் நம் மாவட்டத்தில் யாராவது உண்டா? அவர் பேசட்டும்.