ஃப்ரேசல் வெர்ப் மனசுல நிக்க வழி சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம், நான் தமிழ் மீடியம்ல படிச்சவ, இப்ப இன்டர்வியூக்கு ரெடியாகிட்டு இருக்கேன், இங்கிலீஷ் கிராமர் ஓரளவு வருது ஆனா இந்த ஃப்ரேசல் வெர்ப்தான், அதாவது ஒரு வினைச்சொல்லோட ஆஃப், அப் மாதிரி சின்ன வார்த்தை சேர்ந்து வேற அர்த்தம் தர்றதுதான், ரொம்ப படுத்துது. புட் ஆஃப்னா தள்ளிப்போடுறது, கால் ஆஃப்னா கேன்சல் பண்றது, புட் அப் வித்னா பொறுத்துக்கிறது, இதுவரைக்கும் சரி. ஆனா ப்ளேன் கிளம்புறதும் டேக் ஆஃப், செருப்பைக் கழட்டுறதும் டேக் ஆஃப்னா எப்படிங்க ஞாபகம் வச்சுக்கிறது? நம்ம ஊர்ல 'பாத்துக்கோ', 'பாத்துப் போ'ன்னு ஒரே 'பார்' அர்த்தம் மாறுற மாதிரிதான்னு நினைச்சா கொஞ்சம் புரியுது.

பெரிய சந்தேகம் இதுதான், டர்ன் ஆஃப் த லைட், டர்ன் த லைட் ஆஃப் ரெண்டுமே சரி, ஆனா இட் வந்தா டர்ன் இட் ஆஃப் மட்டும்தான், லுக் ஆஃப்டர்ல (பாத்துக்கிறது) நடுவுல எதுவுமே வரக்கூடாது. எது பிரியும் எது பிரியாதுன்னு பாத்ததும் கண்டுபிடிக்க முடியுமா, இல்ல ஒவ்வொண்ணா மனப்பாடம்தானா? படிச்சு தேறினவங்க யாராவது சொல்லுங்க.