4294967297-இன் காரணி ஏன் 128k+1 வடிவில்தான் வர வேண்டும்?

எண்ணியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

2³²+1, அதாவது 4294967297, பகா எண் என்றுதான் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். 641 = 5×2⁷+1 = 5⁴+2⁴ என்பதை வைத்து அது வகுக்கும் என்று நிறுவுவது நான்கே வரி; அது புரிகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் 641 என்று தெரிந்த பிறகு செய்யும் வேலைதானே அது! தேடிப் பிடிக்கும் வழிதான் எனக்கு வேண்டும்.

p என்ற பகா எண் இதை வகுத்தால், மட்டு p-இல் (அதாவது p-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால்) 2³² ≡ −1. ஆகவே 2-இன் வரிசை, அதாவது 2ⁿ ≡ 1 ஆகும் மிகச்சிறிய n, சரியாக 64. அது p−1-ஐ வகுக்கும். எனவே p = 64k+1. இதுவரை தடையில்லை.

ஆனால் 64 போதாது, p = 128k+1 என்றே எழுதலாம் என்கிறார்கள். அப்படியானால் சோதிக்க வேண்டிய முதல் பகா எண் 257, அடுத்ததே 641. (6700417-உம் 128×52347+1 தான்.) இதற்குக் கிடைத்த குறிப்பு ஒரே வரி: 16776960-இன் வர்க்கத்தை 4294967297-ஆல் வகுத்தால் மீதி 2. போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. 16776960 = 2²⁴−2⁸ என்பது வரை கண்டுகொண்டேன்.

இந்த எண்ணை எப்படி யோசித்துப் பிடித்தார்கள்? 2-க்கு வர்க்கமூலம் கிடைத்தால் 64 எப்படி 128 ஆகிறது? இருபடித் தலைகீழ் விதி (quadratic reciprocity) இல்லாமல் விளக்கினால் நல்லது, அதை நான் இன்னும் படிக்கவில்லை. முழு விடை வேண்டாம், அடுத்த படி மட்டும் சொன்னாலும் போதும்.