கைப்பிடி வளைவை அறுக்கும்போது அடிப்பக்கம் விலகுகிறது: உதவி தேவை

ஆயர்ஈத்தாம்வாசி: வணக்கம். மாடிப்படித் திருப்பத்துக்கான வளைந்த கைப்பிடித் துண்டுகளை ஜிக்சாவால் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடும் கை மின்ரம்பம்) அறுக்கிறேன். மேற்பக்கம் கோடு பிசகாமல் வருகிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் விலகியிருக்கிறது. உள்வளைவில் எவ்வளவு தேய்த்தாலும் மேடுபள்ளம் போகவில்லை. அவசரம்.

பட்டர்வொர்த்வாசி: என்ன மரம், எவ்வளவு கனம்? திருப்பம் சமதளத்தில் வருகிறதா, ஏறிக்கொண்டே திரும்புகிறதா?

இழைப்புளி: விவரம் தராமல் வைத்தியம் கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. ஜிக்சா பிளேடுக்கு மேல்முனையில் மட்டுமே பிடிப்பு உண்டு என்பதால், கனமான மரத்தில் வளைத்துத் தள்ளினால் கீழ்முனை தன் போக்கில் விலகும். இது பிளேடை மேலும் கீழும் பிடித்திருக்கும் பேண்ட்சாவில் செய்ய வேண்டிய வேலை.

ஆயர்ஈத்தாம்வாசி: மெர்பாவ் என்ற கடின மரம், 50 மில்லிமீட்டர்.

பட்டர்வொர்த்வாசி: எல்லார் வீட்டிலும் பேண்ட்சா இருக்காது, ஐயா. கோட்டுக்கு வெளியே 2 அல்லது 3 மில்லிமீட்டர் விட்டு அறுத்து, அதே வளைவில் பிளைவுட்டில் செய்த அச்சை மேலே பொருத்தி, பேரிங் (உருளும் வளையம்) உள்ள ரௌட்டர் பிட்டை (சுழன்று வெட்டும் மின்கருவியின் அலகு) அதன் ஓரமாகச் செலுத்துங்கள். பிட் அடிவரை எட்டாவிட்டால் அச்சைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே வெட்டிய பரப்பிலேயே பேரிங்கை உருளவிட்டு மீதியை வெட்டலாம். உள்வளைவை இழைக்கும்போது இரு முனைகளிலிருந்தும் நடுப்பள்ளத்தை நோக்கி இறங்குங்கள். எதிர்த்து ஏறினால் மரம் பிய்ந்து வரும். உப்புத்தாளை வெறும் விரலால் அழுத்தாமல், வளைவுக்கு ஏற்ற குழாய்த் துண்டில் சுற்றி 80, 120, 180 என்ற சொரசொரப்பு எண்களின் வரிசையில் போனால் மேடுகள் மட்டும் தேயும்.

நிபோங்திபால்: ஒரே பலகையில் வளைவை வெட்டினால் ரேகை (மரநார் ஓடும் திசை) குறுக்கே ஓடும் இடத்தில் அது ஒடியும். மெல்லிய பட்டைகளாக அறுத்து, பசையிட்டு, அச்சில் வளைத்து இறுக்குவதே முறை.

இழைப்புளி: மெர்பாவை வளைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரேகை வளைவோடு ஓடும்படி குறுந்துண்டுகளாக வெட்டி, உள்ளே போல்ட் கொடுத்து இணைப்பதுதான் ஆசாரிகளின் பழைய வழி.

நிபோங்திபால்: நம் ஊர் ஈரக் காற்றில் அந்த இணைப்புகள்தாம் முதலில் வாய் பிளக்கின்றன. பட்டை போதிய அளவு மெல்லியதாக இருந்தால் எந்த மரமும் வளையும்.

இழைப்புளி: ஈரத்தை அளக்காமல் மரம் வாங்கியவர்கள் இணைப்பைக் குறை சொல்லக் கூடாது.

பட்டர்வொர்த்வாசி: அதை நீங்கள் இருவரும் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். கேட்டவருக்கு இன்னொன்று: மெர்பாவ் நனைந்தால் பழுப்புச் சாயம் கசியும், வார்னிஷ் பூசும்வரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

ஆயர்ஈத்தாம்வாசி: பேரிங் பிட் வாங்கி ஒரு துண்டை வெட்டினேன், இரு பக்கமும் ஒன்றாக வந்திருக்கிறது. மிக்க நன்றி.

பட்டர்வொர்த்வாசி: மகிழ்ச்சி. ஆனால் திருப்பம் ஏறுகிறதா என்பதற்கு இன்னும் பதில் இல்லையே? ஏறினால் தட்டையான அச்சு உதவாது; மற்ற துண்டுகளை வெட்டுவதற்கு முன் சொல்லுங்கள்.