தம்பிக்கு டிப்ரஷன்தானா? மாத்திரை தொடங்கலாமா?

அகல்:
தம்பிக்கு 26 வயது. இரண்டு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. நாள் முழுக்கப் படுக்கைதான், குளிக்கச் சொன்னால்கூட எரிந்து விழுகிறான், விடிய விடிய கிரிக்கெட் பார்த்தவன் இப்போது டிவி ஓடினாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். டிப்ரஷன் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 தாள் நெட்டில் கிடைத்தது, கெஞ்சி நிரப்ப வைத்தேன், 17 வந்தது. அப்படியென்றால் டிப்ரஷன் உறுதிதானே? தெரிந்தவர் ஒருவர் தனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்டது என்கிறார். அதையே இவனுக்கும் கொடுத்துப் பார்க்கலாமா? டாக்டரிடம் வரவே மாட்டேன் என்கிறான்.

செவிலி_மலர்:
அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். 27க்கு 17 என்பது கவலைப்பட வேண்டிய அளவுதான். ஆனால் அந்தத் தாள் கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும், ஏன் இப்படி ஆனான் என்பது அதற்குத் தெரியாது. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படியே சோர்ந்து கிடப்பதுண்டு. குடிப்பழக்கமும் இதே தோற்றம் தரும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை. சரி, ஒன்பதாவது கேள்விக்கு என்ன போட்டிருக்கிறான்? செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பது அதுதான். பூஜ்யம் தவிர எது போட்டிருந்தாலும் இன்றே அவனிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பெரும்பாலும் கேட்டுவிட்டார்களே என்று மனசு லேசாகும்.

கடலோடி:
எனக்கு பைபோலார், அதாவது மனநிலை ஒரு சமயம் அடியோடு சோர்ந்தும் இன்னொரு சமயம் அளவுக்கு மீறித் துள்ளியும் மாறும் நோய். அதனால் ஒன்று கேட்கிறேன். இதற்கு முன்னால் எப்போதாவது தம்பி வழக்கத்துக்கு மாறாகத் துள்ளிக்கொண்டு இருந்தது உண்டா? தூக்கமே இல்லாமல் சோர்வும் இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, காசைக் கண்டபடி செலவு செய்துகொண்டு? நான் டாக்டரிடம் சோர்வை மட்டுமே சொன்னேன், அந்த நாட்களைச் சொல்லவே இல்லை. நன்றாக இருந்த காலத்தை யாராவது நோய் என்று சொல்வார்களா? கூட இருப்பவர்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

அகல்:
ஒன்பதாவதில் 'சில நாட்கள்' என்று போட்டிருக்கிறான். கேட்டேன். எண்ணம் வருகிறது, ஆனால் எதுவும் செய்துகொள்ள மாட்டேன் அக்கா என்று அழுதுவிட்டான். கடலோடி, நீங்கள் சொன்னதைப் படித்ததும் திக்கென்றது. போன வருடம் பத்து நாள் போல ராத்திரி மூன்று மணி நேரம்தான் தூங்கினான், ஒரே மூச்சில் இரண்டு தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லிக் கடன் வாங்கினான், பேச்சில் குறுக்கே புகவே முடியாது. வாலிப வேகம் என்று நினைத்தோம்.

கடலோடி:
டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நாள், தூக்கம், கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அது பைபோலார்தானா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. ஆனால் அப்படி இருந்தால் வைத்தியமே வேறு. டிப்ரஷன் மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். பெரும்பாலும் லித்தியம் மாதிரி மனநிலையை நிலைப்படுத்தும் மருந்துகளைக் கொடுப்பார்கள். லித்தியம் என்றால் ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இளவேனில்:
மாத்திரையே வேண்டாம், பழகிவிட்டால் விட முடியாது. கவுன்சிலிங் போதும்.

செவிலி_மலர்:
இளவேனில், சில வகைத் தூக்க மாத்திரைகள் அடிமைப்படுத்துவதைப் போல டிப்ரஷன் மாத்திரைகள் அடிமைப்படுத்துவதில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் வரும் என்பதால்தான் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள். லேசான டிப்ரஷனுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம், இந்தத் தம்பியின் நிலைமை அப்படித் தெரியவில்லை.

அகல், மனநல டாக்டர் என்றதும் மிரளுகிறான் என்றால் முதலில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் தூக்கத்துக்கும் சோர்வுக்கும் காட்டலாம் என்று கூப்பிடுங்கள், அவனுக்கு இருக்கிற கஷ்டமே அதுதானே, பொய் இல்லை. அவர் வழியாக மனநல டாக்டரிடம் போகலாம். இந்த வாரமே போங்கள். அதுவரை வீட்டில் இருக்கும் மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சாவது என்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் தனியே விடாமல் அப்போதே அவசர சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அகல்:
தூக்கத்துக்கு என்றதும் சரி என்றுவிட்டான். நாளைக் காலையில் போகிறோம். போன வருட விஷயத்தை அம்மாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.